திடலுக்கு வெளியே: விளையாட்டுப் பெருவிழாக்களும் கிறிஸ்தவ மனக்கசப்பும்

பெரிய விளையாட்டுப் போட்டிகளைச் சுற்றி நடப்பவை மீது கிறிஸ்தவர்கள் கொண்ட மனக்கசப்பு ஏறக்குறைய திருச்சபையின் வயதை ஒத்தது. ரோமப் பேரரசின் தேரோட்டத் திடல் தொடங்கி கத்தார் உலகக் கிண்ணம் வரை அது பல காலங்களில், பல நாடுகளில் தலைகாட்டியிருக்கிறது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வரலாற்றுக்குத் தனியான முகம் உண்டு. கோலாலம்பூர் முதல் கிள்ளான், தெலுக் பங்லிமா காராங், பந்திங் வரை பரந்த இந்த வட்டாரத்தில் பந்தையும் மட்டையையும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் வாலிபர் சங்கத்துக்கும் பெரிய பங்கு இருந்தது. விளையாட்டு மனிதனை நேர்மையாக்கும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அந்த விளையாட்டைச் சுற்றிப் பந்தயப் பணமும், விலைபோன ஆட்டங்களும், தோட்ட நிலத்தில் எழுந்த பேரரங்கங்களும் வந்து சேர்ந்தன. தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்த ஒன்று கைமீறிப் போனதைப் பார்க்கும் வேதனை இந்த வட்டாரத்தின் கிறிஸ்தவ மனக்கசப்பில் கலந்திருக்கிறது.

தொடக்க காலச் சபைக்கு விளையாட்டு அந்நியமாக இருக்கவில்லை. கொரிந்து நகருக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. அந்த நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் தூய பவுல், ஓட்டக்காரனின் கட்டுப்பாட்டையும் குத்துச்சண்டைக்காரனின் பயிற்சியையும் விசுவாச வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். வாடிப்போகும் இலைக் கிரீடத்துக்கே இவ்வளவு பாடு என்றால், வாடாத கிரீடத்தை நாடுகிறவர்கள் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. ஓட்டத்தைப் பழிக்கும் தொனி அதில் இல்லை. பழிப்பு பின்னால் வந்தது. அது வந்தபோது ஓடுபவனை விட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசையைத்தான் குறிபார்த்தது.

கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக் காட்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஞானஸ்நானத்தின்போது பிசாசையும் அவனுடைய ஆடம்பரங்களையும் துறப்பதாக வாக்குக் கொடுத்தவர், பிற தெய்வங்களின் பெயரால் நடக்கும் களியாட்டத்துக்கு எப்படிப் போகலாம் என்பது அவருடைய முதல் வாதம். காலம் கடந்தும் நிற்பது இரண்டாவது வாதம். தேர்கள் புறப்படும் முன்பே கூட்டம் கொந்தளிப்பதையும், கட்டிய பந்தயத்தை நினைத்துத் தவிப்பதையும், தனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவனைச் சபிப்பதையும் அவர் நேரில் பார்த்தவராக எழுதினார். 399-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் இன்னும் நெருக்கமான வலியோடு பேசினார். கிறிஸ்து சிலுவையில் மரித்ததை நினைக்க வேண்டிய வெள்ளிக்கிழமையன்று தன் சபையார் கோயிலை விட்டுத் தேரோட்டத்துக்கும், மறுநாள் நாடக அரங்குக்கும் போய்விட்டார்கள் என்பதுதான் அவருடைய முறையீடு. வீட்டில் உட்கார்ந்திருந்த அவருக்கே அரங்கத்தின் ஆரவாரம் கேட்டது.

இந்தப் பழைய சாட்சிகளில் மிகவும் கூர்மையானது அகுஸ்தினார் தம் தன்வரலாற்றில் சொல்லும் நண்பரின் கதை. அலிப்பியுஸ் என்ற அந்த இளைஞர் ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வாட்போர்க் காட்சிகளை அடியோடு வெறுத்தவர். நண்பர்கள் ஒருநாள் அவரை வலுக்கட்டாயமாக அரங்கத்துக்கு இழுத்துப்போனார்கள். உடம்பைத்தான் இழுத்து வர முடியும், மனத்தை அல்ல என்று சொல்லிக் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பெருங்கூச்சல் காதில் விழுந்தது. கண் தானாகத் திறந்தது. அந்த நொடியிலிருந்து அவரும் கத்தினார், கொதித்தார். பிறகு தாமே மற்றவர்களை அழைத்துப்போகும் அளவுக்கு மாறினார். அவரை மாற்றியது வாளோ இரத்தமோ என்பதைவிட, ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் எழுப்பிய அந்தச் சத்தம் என்பதை அகுஸ்தினார் கண்டுகொண்டார். கூட்டத்தில் ஒருவன் தன்னை எப்படி இழக்கிறான் என்பதை அதற்குப் பின் வந்த எவரும் அவரைவிடத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை. அலிப்பியுஸ் அந்த மயக்கத்திலிருந்து மீண்டு, பிற்காலத்தில் தகாஸ்தே நகரின் ஆயரானார்.

இடைக்காலத்தில் மோதல் நேரடிச் சட்டமாக மாறியது. குதிரை மீது ஈட்டியேந்தி மோதும் வீரர் போட்டிகளை 1130-இல் கிளெர்மோன் சங்கமும் 1139-இல் இரண்டாம் லாத்தரன் சங்கமும் தடைசெய்தன. அவற்றில் இறப்பவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்றும் விதித்தன. பிரபுக்கள் கேட்கவில்லை. 1316-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் தடையை நீக்கினார். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சண்டை ஓய்வுநாளைப் பற்றியதாயிற்று. ஞாயிறு ஆராதனைக்குப் பின் விளையாடலாம் என்று 1618-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்ட ஆணையைத் தூய்மைவாதிகள் எதிர்த்தார்கள். 1643-இல் நாடாளுமன்றத்தின் கட்டளைப்படி அது பொது இடத்தில் எரிக்கப்பட்டது.

தனிமனிதர் ஒருவரின் மனமாற்றமாக இந்த வரலாறு மிகத் தெளிவாகத் தெரிவது சார்ல்ஸ் தாமஸ் ஸ்டட் என்ற கிரிக்கெட் வீரரிடத்தில். அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி நீலகிரியில் கழிந்ததால் தமிழ் வாசகருக்கு அவர் தொலைவானவரும் அல்ல. அவருடைய தந்தை பீகாரில் அவுரித் தோட்டங்களால் செல்வம் சேர்த்து இங்கிலாந்து திரும்பியவர். பந்தயக் குதிரைகள் வளர்த்தார். 1866-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றது அவருடைய குதிரை. அமெரிக்கப் பிரசங்கியார் டி.எல். மூடியின் கூட்டத்தில் மனம் திரும்பி அத்தனையையும் விட்டார். மகன் கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே நாட்டின் முன்னணி ஆட்டக்காரராக வளர்ந்தார். 1882 ஆகஸ்டில் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்து வெல்ல வேண்டிய ஓட்டங்கள் 85 மட்டுமே. 77-இல் எல்லோரும் வீழ்ந்தார்கள். ஸ்டட் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் மறுமுனையில் நின்றார். பரபரப்பில் பார்வையாளர் ஒருவர் அங்கேயே உயிர்விட்டார். ஆங்கிலேயக் கிரிக்கெட் செத்துவிட்டது என்று ஒரு பத்திரிகை இரங்கல் அறிவிப்பு வெளியிட, அதிலிருந்து பிறந்ததுதான் இரு நாடுகளின் கிரிக்கெட் மோதலுக்கு ஆஷஸ் (சாம்பல்) என்ற பெயர். அந்தச் சாம்பலை மீட்க அடுத்த குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா சென்ற அணியிலும் ஸ்டட் இருந்தார்.

இந்த உச்சத்தில்தான் கசப்பு வந்தது. 1883-இன் இறுதியில் அவருடைய அண்ணன் ஜார்ஜ் கடும் நோயில் படுத்தார். உயிர் ஊசலாடும் கட்டிலின் அருகே உட்கார்ந்திருந்தபோது, புகழும் கைதட்டலும் இந்த அறைக்குள் எதற்கு உதவும் என்ற கேள்வி ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டது. கிரிக்கெட்டை அவர் பாவம் என்று சொன்னதில்லை. அது தன் இதயத்தில் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. 1885-இல் கேம்பிரிட்ஜ் எழுவர் எனப்பட்ட ஊழியர் குழுவில் ஒருவராகச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். தந்தைவழிச் சொத்தாக வந்த ஏறக்குறைய 29,000 பவுனையும் ஊழியங்களுக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார். 1900 முதல் 1906 வரை உதகமண்டலத்தின் யூனியன் சபையில் போதகராக இருந்தார். பின்னர் காங்கோவுக்குப் போய் 1931-இல் அங்கேயே மறைந்தார். விளையாட்டைப் பற்றிய கிறிஸ்தவ மனக்கசப்புக்கு ஸ்டட் கொடுத்த வடிவம் எளியது: ஆட்டம் நல்லதுதான், அதற்குக் கொடுக்கப்படும் இடம் தவறானது.

அவர் சீனாவுக்குப் போன அதே தலைமுறையில் எதிர்த்திசையிலும் ஒரு நம்பிக்கை பரவிக்கொண்டிருந்தது. உடல் உறுதியும் நேர்மையான ஆட்டமும் கிறிஸ்தவக் குணத்தை வளர்க்கும் என்பது அந்த நம்பிக்கை. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் அது வேரூன்றியது. தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட பள்ளி நாவல் அதைப் பேரரசு முழுவதும் கொண்டுபோனது. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அதற்குக் களம் அமைத்தது. கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் அந்தச் சங்கத்தின் அமெரிக்கக் கிளைகளில் பிறந்தவையே. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அதே பாரிஸில்தான், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட்டத்திலிருந்து விலகிய ஸ்காட்லாந்தின் எரிக் லிடல், 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஒரே திருவிழாவுக்குள் ஒருவர் விளையாட்டின் வழியாகச் சமயத்தையும், மற்றவர் சமயத்துக்காக விளையாட்டில் ஓர் எல்லையையும் காட்டினார்கள். லிடல் மறு ஆண்டே சீனாவுக்கு ஊழியராகப் போய், 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்தார்.

மலாயாவுக்கு வந்தது பெரும்பாலும் முதல் வகை நம்பிக்கை. கோலாலம்பூரின் நடுவே, இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் புல்வெளியின் வடக்கு ஓரத்தில் 1895-இல் தூய மேரி ஆலயம் எழுந்தது. அதே புல்வெளியின் ஓரத்தில் 1884 முதல் சிலாங்கூர் கிளப் இருந்தது. கோயில் மணியும் கிரிக்கெட் மட்டையின் ஒலியும் ஒரே திடலில் கேட்டன. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் வழங்கிய கிண்ணத்துக்கான முதல் காற்பந்து இறுதியாட்டம் இந்தத் திடலில் நடந்தது. சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. நாட்டின் நீண்ட காற்பந்து மரபு ஓர் ஆலயத்தின் கூப்பிடு தூரத்தில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளிகளும் அதே பாதையில் நின்றன. 1897-இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும், 1904-இல் லசால் சகோதரர்களின் செயின்ட் ஜான் கல்விக்கூடமும் தொடங்கின. கோலாலம்பூரின் ஒய்.எம்.சி.ஏ. 1905-இல் உருவாகிப் பின்னாளில் பிரிக்பீல்ட்ஸில் நிலைகொண்டது. ரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். மெதடிஸ்ட் தமிழ்ச் சபையும், 1924-இல் தொடங்கிய சீயோன் லுத்தரன் ஆலயமும் அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாக வந்தவர்களில் பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள்; கிரிக்கெட்டையும் ஹாக்கியையும் மனத்தில் சுமந்து வந்தார்கள். மெதடிஸ்ட் மரபிலிருந்து வந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆண்டுதோறும் மோதும் கிரிக்கெட் ஆட்டம் அந்த ஊரின் பெரும் விழா. இரண்டும் கிறிஸ்தவப் பள்ளிகள். அப்படியிருந்தும் இலங்கையின் இத்தகைய பள்ளிப் பெரும் ஆட்டங்களைச் சுற்றி ஊர்வலக் கூத்தும் குடியும் வளர்ந்ததை அந்தப் பள்ளிகளாலேயே தடுக்க முடியவில்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு அதைச் சூழ வருவதன் மீது அதிகாரம் இருப்பதில்லை என்பதை அங்கேயே பார்த்திருக்கலாம்.

நகரத்துக்கு வெளியே நிலைமை வேறு. கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையில், கோலா லங்காட் மாவட்டத்தில் தெலுக் பங்லிமா காராங் இருக்கிறது. அதற்கு மேற்கே, லங்காட் ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. வாலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய அந்தத் தீவும் சுற்றுவட்டாரமும் முதலில் பால்மரத் தோட்டங்களாகவும் பிறகு செம்பனைத் தோட்டங்களாகவும் இருந்தன. லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு ஓய்வு என்பது ஞாயிறு ஒன்றே. காலையில் கோயில், மாலையில் திடல் என்று அந்த ஒரு நாள் பகிர்ந்துகொள்ளப்பட்டது. சடுகுடுவும் காற்பந்தும் அங்கே செலவில்லாத மகிழ்ச்சிகள். ஏழு பேர் கொண்ட அணிகளின் ஒரு நாள் போட்டி தோட்டப்புறத்தின் வழக்கமான திருவிழா ஆனது. ஆட்டத்தைச் சூழ்ந்து வந்தது கள். தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை நடத்த அனுமதித்த காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதனின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். ஓய்வுநேரத்தை யார் சுரண்டுகிறார்கள் என்ற கேள்வியைச் சபைப் போதகருக்கு முன்பே தோட்டத் தொழிலாளி எழுப்பிவிட்டார் என்பதை மறக்கக் கூடாது.

விடுதலைக்குப் பின் விளையாட்டு நாட்டின் பெருமையாயிற்று. 1957 ஆகஸ்ட் 30-இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியைத் தொடங்கினார். ஆர். ஆறுமுகம், எம். சந்திரன் போன்ற தமிழ் வீரர்களின் பெயர்களைச் சமயம் பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சொன்னார்கள். 1980-இல் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது எழுந்த களிப்பில் எந்தச் சபையும் குறை காணவில்லை, காணவும் கூடாது. உலக அரசியலால் அணி அங்கே போகவில்லை.

கசப்பு பணத்தின் வழியாக நுழைந்தது. குதிரைப் பந்தயம் பழையது; சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896-இலேயே தொடங்கியது, இன்றைய பெட்ரோனாஸ் கோபுரங்கள் நிற்குமிடம் அதன் பந்தயத் திடல்தான். ஆனால் எல்லா விளையாட்டையும் சூதோடு கோத்த முடிவு 1969-இல் வந்தது. இளைஞர், விளையாட்டு, பண்பாட்டுப் பணிகளுக்கு நிதி திரட்டுவதற்காக அரசே ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற எண் பந்தயத்தைத் தொடங்கியது. 1985-இல் அது தனியார் கைக்குப் போனது. திடலில் ஓடும் பிள்ளைக்குக் காலணி வாங்கும் பணம், எண் கட்டி ஏமாந்த தகப்பனின் சட்டைப்பையிலிருந்து வரும் ஏற்பாடு இது. மெதடிஸ்ட் சபை தன் சமூகக் கொள்கைகளில் சூதாட்டத்தை வெளிப்படையாகக் கண்டிக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி இன்னும் நிதானமானது: அதிர்ஷ்ட விளையாட்டு தன்னளவில் அநீதி அன்று; தன்னையும் பிறரையும் காப்பாற்றத் தேவையானதை ஒருவரிடமிருந்து பறிக்கும்போது அது ஏற்கத் தகாததாகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏழைக் குடும்பங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டு நிலைப்பாடுகளுக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை.

1994-இல் அடி நேராகக் காற்பந்தின் மீது விழுந்தது. மலேசிய லீக்கில் ஆட்டங்கள் விலைபேசப்பட்டது அம்பலமாகி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் நீக்கப்பட்டார்கள், பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த லீக்கில் ஆடிவந்த சிங்கப்பூர் விலகியது. எதிர்பாராத கோல் விழுந்தால் கைதட்டுவதற்கு முன் சந்தேகப்படும் பழக்கம் ரசிகர்களிடம் அப்போது குடியேறியது. இன்றுவரை முற்றாகப் போகவில்லை. இதே சூழலிலிருந்து எழுந்த சிங்கப்பூர்த் தமிழர் வில்சன் ராஜ் பெருமாள் 2011-இல் பின்லாந்தில் ஆட்டங்களை விலைபேசிய குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். பவுல் உதாரணம் காட்டிய ஓட்டக்காரன் விதிப்படி ஓடுகிறவன். ஓட்டத்தின் முடிவே முன்கூட்டி விற்கப்பட்ட பிறகு, அந்த உதாரணத்தைச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் நிலை சங்கடமானது.

பெருவிழாவின் விலை நிலத்தாலும் மக்களாலும் கணக்கிடப்பட்டது 1998-இல். ஆசியாவில் நடந்த முதல் காமன்வெல்த் போட்டிக்காகக் கோலாலம்பூரின் தெற்கே புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டு வளாகம் கட்டப்பட்டது. ஒரு லட்சம் பேர் அமரும்படி எழுந்த அரங்கம் அந்த ஆண்டு ஜூலையில் திறந்தது. போட்டிகள் செப்டம்பர் 11 முதல் 21 வரை நடந்தன. அது எப்படிப்பட்ட செப்டம்பர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆசிய நிதி நெருக்கடியில் நாடு தத்தளித்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. போட்டிகள் தொடங்க ஏறத்தாழ பத்து நாள் இருக்கையில் ரிங்கிட்டின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போடப்பட்டது.

புக்கிட் ஜாலில் அதற்கு முன் ஒரு தோட்டம். தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். 1980-இல் அரசு அந்தத் தோட்டத்தைக் கையகப்படுத்தியது; பிறகு அந்த நிலம் துண்டு துண்டாக அரங்குகளுக்கும், சாலைகளுக்கும், அடுக்குமாடிகளுக்கும், குழிப்பந்துத் திடலுக்கும் போனது. தொழிலாளிகளின் பழைய குடியிருப்பு மட்டும் நடுவே எஞ்சியது. 2011-இல் அங்கே மீதமிருந்த 41 குடும்பங்கள் வெளியேற்ற அறிவிப்புகளை எதிர்த்துப் போராடின. அவர்கள் கேட்டது வீடு கட்டிக்கொள்ள 4 ஏக்கர். உலகத்துக்கு விருந்து வைத்த நிலத்தில், அதை உழுது பயிராக்கியவர்களுக்கு 4 ஏக்கர் அதிகம் என்று கருதப்பட்டது. விளையாட்டு விழாக்களின் மிகையைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர் எவரும், குடியையும் சூதையும் கண்டித்துவிட்டு இதைக் கடந்துபோனால், பேச்சின் பாதியை விட்டவர் ஆவார். ஏழையின் நிலத்தைப் பறிப்பதற்கு எதிராக வேதாகமத்தின் தீர்க்கதரிசிகள் பேசிய அளவு வாட்போரைப் பற்றியோ தேரோட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் மன்னன் அபகரித்த கதையை ஞாயிறு பள்ளியில் கேட்ட எவருக்கும் புக்கிட் ஜாலிலைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

இதே காலத்தில் சிப்பாங் வட்டாரத்திலும் தோட்ட நிலங்கள் உருமாறின. 1998-இல் பன்னாட்டு விமான நிலையமும், மறு ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத் தடமும் அங்கே இயங்கத் தொடங்கின. 19 முறை நடந்த அந்தக் கார் பந்தயம் 2017 அக்டோபரில் நின்றது. செலவுக்கேற்ற வரவும் கூட்டமும் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

2010 உலகக் கிண்ணம் நெருங்கியபோது பந்தயக் கேள்வி அரசாங்கம் வரை போனது. அஸ்காட் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் வழங்க அந்த மே மாதம் நிதியமைச்சு ஒப்புதல் தந்தது தெரியவந்தது. சட்டவிரோதமாகப் புக்கிகளிடம் போகும் பணத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். முஸ்லிம் அமைப்புகளும் பிற சமயத்தாரும் எதிர்க்கட்சிகளும் எதிர்த்தார்கள். ஜூன் மாத இறுதியில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, உரிமம் வழங்கப்படாது என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். பல சமயத்தவரும் ஒரே பக்கம் நின்ற அரிய நேரங்களில் அது ஒன்று. இருந்தும் பந்தயம் நிற்கவில்லை, கைப்பேசிக்குள் போனது. உலகக் கிண்ணக் காலங்களில் சட்டவிரோதக் காற்பந்துப் பந்தயத்துக்கு எதிரான இன்டர்போலின் சோகா நடவடிக்கையில் மலேசியக் காவல்துறை சேர்ந்து சோதனைகள் நடத்துவது இப்போது வாடிக்கை.

ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நடக்கும் ஆட்டங்கள் மலேசியாவில் நள்ளிரவிலும் விடியலுக்கு முன்பும் வருகின்றன. 2014 உலகக் கிண்ண இறுதியாட்டம் இங்கே திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்குத் தொடங்கியது. மாமாக் உணவுக்கடைகளின் பெரிய திரைகளுக்கு முன்னால் இரவு முழுதும் கழித்துவிட்டுத் தெலுக் பங்லிமா காராங்கின் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மாதத்தின் ஞாயிறு ஆராதனைகளில் இளைஞர் வரிசை மெலிந்திருப்பதைக் காணும் போதகரின் வருத்தம் கிறிசோஸ்தோமின் வருத்தமேதான். திட்டித் தீர்ப்பதால் அந்த வரிசை நிரம்பாது என்பதைப் பல சபைகள் புரிந்துகொண்டிருக்கின்றன.

உலக அளவில் திருச்சபையின் குரல் இந்தக் காலத்தில் முதிர்ந்திருக்கிறது. அதே 2014-இல் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள், நடுவரின் சிவப்பு அட்டை வடிவில் ஒரு துண்டறிக்கையை வெளியிட்டார்கள். பொதுப்பணத்தை முன்னுரிமை மாற்றிச் செலவிட்டதையும், அரங்கங்களுக்காகக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டதையும் அதில் கண்டித்தார்கள். காற்பந்தை உயிராக நேசிக்கும் நாட்டில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டத் துணிவு வேண்டும். 2018 ஜூனில் வத்திக்கான் முதன்முறையாக விளையாட்டைப் பற்றி முழுமையான ஆவணம் வெளியிட்டது. விளையாட்டின் மகிழ்ச்சியையும் அழகையும் முதலில் போற்றிவிட்டு, ஊக்கமருந்து, ஊழல், உடலைப் பண்டமாக்குதல், பார்வையாளர் வெறி ஆகியவற்றை அது வரிசையாக எடுத்துச் சொல்கிறது.

2022-இல் கத்தாரின் வெயிலைத் தவிர்க்க உலகக் கிண்ணப் போட்டி நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரையிலான நாட்களுக்குத் தள்ளப்பட்டது. அரங்குகளையும் சாலைகளையும் கட்டியவர்களில் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இலங்கை என்று தெற்காசியாவிலிருந்து போனவர்கள் ஏராளம். தமிழர்களும் அதில் அடக்கம். வெப்பத்திலும் விபத்திலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் உடன்பாடில்லை. எண்ணிக்கையைக்கூட ஒழுங்காக யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்பது எண்ணிக்கையைவிடப் பெரிய குற்றம். போட்டியின் பெரும்பகுதி திருவருகைக் காலத்தோடு பிணைந்து போனது. இறுதியாட்டம் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, மலேசிய நேரம் இரவு 11 மணிக்கு. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கீதம் பாடப்போகும் காலத்தில் தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தது. கசந்துபோன கிறிஸ்தவர்கள் அந்த மாதம் ஆட்டங்களைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்ததும் உண்டு. பார்த்துக்கொண்டே மனம் உறுத்தியவர்கள் அவர்களைவிட அதிகம்.

செலவைப் பற்றிய தயக்கம் இறுதியில் அரசாங்கங்களிடமும் வந்தது. 2026 காமன்வெல்த் போட்டியை நடத்துவதிலிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் விலகிய பின், 10 கோடி பவுன் நிதியுதவியோடு அந்தப் பொறுப்பை ஏற்க மலேசியா அழைக்கப்பட்டது. 1998-இன் பெருமை மீண்டும் கிடைக்கும் என்று சிலர் வரவேற்றார்கள். 2024 மார்ச்சில் மலேசியா அதை மறுத்தது. அந்த உதவித்தொகை போதாது, மீதிச் செலவை நாடு தாங்க வேண்டியிருக்கும் என்று காரணம் கூறப்பட்டது. போட்டி கிளாஸ்கோவுக்குப் போனது. அதே ஆண்டில், 1994-இல் திறக்கப்பட்டு 80,000 பேரைக் கொண்டிருந்த ஷா ஆலம் அரங்கத்தை இடிக்கும் வேலையும் தொடங்கியது.